இணையப் பயிற்சி: சான்றிதழ் வந்துவிட்டது, பாடம் வந்ததா?

மாதக் கடைசி நெருங்கினால் பல நிறுவனங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே அறிவிப்புதான். இணையப் பயிற்சியை இன்னும் முடிக்காதவர்கள் இன்றைக்குள் முடிக்க வேண்டும். கூடவே முடிக்காதவர்களின் பெயர்ப்பட்டியலும் வரும். உடனே கைப்பேசியில் காணொளி ஓடத் தொடங்கும். அது ஒரு பக்கம் ஓட, இன்னொரு பக்கம் வேலை நடக்கும். கடைசியில் வரும் பத்துக் கேள்விகளுக்கான விடை ஏற்கெனவே குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும். சான்றிதழ் கைக்கு வந்ததும் பெயர் பட்டியலிலிருந்து நீங்கிவிடும்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது அவசரத்திற்காகப் பரவிய இணையப் பயிற்சி, இன்று தொழிற்சாலை, கிடங்கு, வங்கி, மருத்துவமனை, தோட்ட அலுவலகம் என எல்லா இடத்திலும் நிலைத்துவிட்டது. அது நல்ல வசதிதான். இரவு ஷிப்டில் வேலை செய்பவரும் தமக்கு ஏற்ற நேரத்தில் படிக்கலாம். புரியாததைத் திரும்பக் கேட்கலாம். பட்டணத்திற்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பயிற்சி யாரை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்படுகிறது என்ற கேள்வியைத் தொழிலாளர்கள் கேட்டாக வேண்டும்.

தொழிலாளருக்கான பணம்

2001 மனிதவள மேம்பாட்டுக் கழகச் சட்டத்தின்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளி, அவர்களின் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டுக்கு இணையான தொகையை எச்ஆர்டி கோர்ப்பிற்கு லெவியாகச் செலுத்த வேண்டும். 2021 மார்ச்சில் இந்த விதி விவசாயம் உட்பட மேலும் பல துறைகளுக்கு விரிவடைந்தது. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் பெறும் ஒருவருக்காக மாதம் 17 ரிங்கிட், ஆண்டுக்கு 204 ரிங்கிட் போகிறது. இதைத் தொழிலாளரின் சம்பளத்தில் பிடிக்க முதலாளிக்கு உரிமை இல்லை. அந்த நிதியிலிருந்துதான் முதலாளி பயிற்சிச் செலவைத் திரும்பப் பெறுகிறார். தொழிலாளரின் திறனை வளர்ப்பதற்கென்றே ஒதுக்கப்படும் பணம் இது.

நிறுவனம் ஏன் அவசரப்படுகிறது?

இன்னொரு காரணம் சட்டத்தில் இருக்கிறது. ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. நிறுவனத்துக்கு ஆதாயம் தேடி அதன் ஊழியர் லஞ்சம் கொடுத்தால், நிறுவனமும் குற்றவாளியாகும். அபராதம் குறைந்தது 10 லட்சம் ரிங்கிட். லஞ்சத்தைத் தடுக்கப் போதிய நடைமுறைகள் இருந்தன என்று நிரூபித்தால் மட்டுமே நிறுவனம் தப்பலாம். அந்த நடைமுறைகளில் பயிற்சியும் ஒன்று.

1994 வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தமும் 2024 ஜூன் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. தொழிலாளருக்குத் தகவல், பயிற்சி, மேற்பார்வை தருவது உள்ளிட்ட கடமைகளில் தவறும் முதலாளிக்கான அதிகபட்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது.

இதனால் பயிற்சி கொடுத்ததற்கான பதிவு நிறுவனத்திற்கு ஒரு கேடயமாகிறது. யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு முடித்தார் என்பதைக் கணினி துல்லியமாகச் சேமித்து வைக்கிறது. அவருக்கு எது புரிந்தது, வேலையில் எதை மாற்றிக்கொண்டார் என்பது அந்தப் பதிவில் இருக்காது.

இதில் தொழிலாளருக்கும் ஓர் ஆபத்து உண்டு. "படித்தேன், புரிந்துகொண்டேன்" என்ற பொத்தானை அழுத்துவது கையெழுத்துப் போடுவது மாதிரிதான். நாளை ஒரு விபத்தோ விதிமீறலோ நேர்ந்து உள்விசாரணை நடந்தால், அதே பதிவு மேசைக்கு வரலாம். "உனக்குத் தெரிந்துதானே செய்தாய்?" என்ற கேள்விக்கு அப்போது பதில் சொல்வது கடினம்.

நல்ல பயிற்சி எப்படி இருக்கும்?

செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். வழக்கமான இணையப் பாடம் நாற்பது பக்கம் இருக்கும். சட்டம், இரசாயன வகை, நிறுவனக் கொள்கை என்று நீளும். மருந்து அடிப்பவருக்கு உண்மையில் ஆபத்து வருவது வேறு இடத்தில். தெளிப்பானின் முனை அடைத்துக்கொண்டால் அதை வாயால் ஊதிச் சரிசெய்யும் பழக்கம் சிலரிடம் உண்டு. மருந்து பட்ட உடையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைப்பதும் உண்டு.

பாடத்தைத் தயாரிப்பவர் முதலில் தோட்டத்திற்குப் போய் ஒரு நாள் பார்த்திருந்தால், பாடம் நான்கு நிமிடக் காணொளியாகச் சுருங்கியிருக்கும். முனை அடைத்துவிட்டது, இப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டு மூன்று படங்களைக் காட்டலாம். தவறான படத்தைத் தொட்டால், ஏன் தவறு என்பதை ஒரு குரல் சொல்ல வேண்டும். மூன்று நாள் கழித்து ஒரு கேள்வி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று வர வேண்டும். ஒரே மூச்சில் கேட்டது விரைவில் மறந்துவிடும். இடைவெளி விட்டு நினைவூட்டினால்தான் மனத்தில் தங்கும்.

பயிற்சியை அளப்பதற்கு அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் நான்கு படிகளை முன்வைத்தார். பயிற்சி பிடித்ததா, பாடம் தெரிந்ததா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் பலன் கிடைத்ததா என்பவையே அந்த நான்கும். பல நிறுவனங்கள் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன. மூன்றாவதைப் பார்க்கப் பெரிய செலவு இல்லை. அடுத்த வாரம் மண்டோர் வேலைக்காட்டில் நின்று, எத்தனை பேர் முனையைத் தூரிகையால் சுத்தம் செய்கிறார்கள் என்று கவனித்தாலே போதும். காலைப் பெரட்டில் ஐந்து நிமிடம் அதைப் பற்றிப் பேசினால் இணையப் பாடமும் உயிர் பெறும்.

மொழியும் நேரமும்

2013ஆம் ஆண்டின் இரசாயன விதிமுறைகளின்படி அபாயகரமான இரசாயனங்களின் லேபிள்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திய மூத்த தொழிலாளர் பலர் மலாய் நன்றாகப் பேசுவார்கள். ஆனால் அலுவலக மலாயில் எழுதிய பாடத்தைப் படித்துப் புரிந்துகொள்வது வேறு. எல்லாப் பாடங்களையும் மொழிபெயர்க்கச் செலவாகும் என்று நிர்வாகங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆபத்தான பத்து வேலைகளுக்கு மட்டும் தமிழ், வங்காளி, நேபாளி மொழிகளில் குரல் சேர்ப்பது பெரிய செலவாகாது. தமிழ் படித்த நம் இளையோருக்கும் அதில் வேலை உண்டு.

அடுத்தது நேரம். வேலை முடிந்து வீட்டுக்குப் போய், சொந்த டேட்டாவைச் செலவழித்து, இரவு பத்து மணிக்குக் கட்டாயப் பயிற்சியை முடிக்கச் சொல்வது பல இடங்களில் வழக்கமாகி வருகிறது. 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தில், தொழிலாளர் தம் நேரத்தை விருப்பம்போல் பயன்படுத்த முடியாமல் முதலாளியின் பொறுப்பில் இருக்கும் நேரமே வேலை நேரம். வாரத்திற்கு 45 மணி நேரம் என்ற வரம்பு 2023 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும்போது, கட்டாயப் பயிற்சி எந்தக் கணக்கில் சேரும் என்று நிர்வாகத்திடம் கேட்பது நியாயமே.

தொழிலாளர் என்ன செய்யலாம்?

புரியாத பாடத்தில் "புரிந்துகொண்டேன்" என்று அழுத்துவதற்கு முன், மேற்பார்வையாளரிடம் விளக்கம் கேட்கலாம். கேட்டதை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. 40 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு கட்டாயம். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் இருப்பார்கள். பயிற்சியின் மொழியும் நேரமும் அந்தக் குழுவில் பேசப்பட வேண்டிய விஷயங்கள். தொழிற்சங்கம் இருக்கும் இடங்களில் கூட்டு ஒப்பந்தப் பேச்சிலும் இதைச் சேர்க்கலாம். சொந்தமாகத் திறனை வளர்க்க விரும்புவோர் எச்ஆர்டி கோர்ப்பின் இ-லத்தே தளத்தில் இலவசமாகப் பதிந்து படிக்கலாம்.

எத்தனை பேர் முடித்தார்கள் என்பதைத்தான் நிர்வாகக் கூட்டங்களில் அறிக்கையாகக் காட்டுகிறார்கள். அதே அறிக்கையில், பயிற்சிக்குப் பிறகு வேலையிடத்தில் என்ன மாறியது என்ற ஒரு வரியையும் தொழிலாளர் பிரதிநிதிகள் கேட்டு வாங்க வேண்டும். அந்த வரியை எழுத வேண்டும் என்று தெரிந்தாலே, அடுத்த பாடத்தைத் தயாரிப்பவர் வேலையிடத்திற்கு வந்து பார்ப்பார்.