ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால்...

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. காய்ச்சல் வந்தால் கிளினிக்குக்கு ஓடுவோம். கையில் அரிவாள் பட்டால் ஓடுவோம். காது கேட்கவில்லை என்றால் மட்டும் ஓடமாட்டோம். "தண்ணி போயிருக்கும், ரெண்டு நாள்ல தன்னால சரியாப் போயிரும்" என்று இருந்துவிடுவோம். நல்லெண்ணெயில் பூண்டைப் போட்டுக் காய்ச்சி இரண்டு சொட்டு விட்டால் வைத்தியம் முடிந்தது!

செம்பனைக் குலை வெட்டும் ஓர் அண்ணனை நமக்குத் தெரியும். ஒரு நாள் விடியற்காலை எழுந்தபோது வலக் காதில் பஞ்சு வைத்து அடைத்தது போல் இருந்ததாம். உள்ளே 'ஙொய்' என்று இரைச்சல். பெரட்டில் மண்டோர் பேர் கூப்பிட்டது இடக் காதில்தான் விழுந்தது. வலி இல்லை, சீழ் இல்லை. அதனால் வேலைக்குப் போனார். மறுநாளும் போனார். சம்பளம் வரட்டும் என்று மூன்று வாரத்தைக் கடத்திவிட்டு, பட்டணத்தில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனார். அங்கே இரத்தம் எடுத்து, நீளமாக ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அந்தச் சீட்டோடு அண்ணி நம்மிடம் வந்தார்.

"தம்பி, இதுல ஒரு நம்பர் கூடுதலா இருக்குன்னு சொல்றாங்க. அப்ப இவருக்குக் காது வரவே வராதா?"

அண்ணியின் கேள்வி நியாயமானது. அந்த நம்பர் என்ன? நம் இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் நியூட்ரோபில் என்று ஒரு வகை, லிம்போசைட் என்று ஒரு வகை. உடம்பில் அழற்சி இருந்தால் முதல் வகை ஏறும். முதலாவதை இரண்டாவதால் வகுத்து வரும் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். திடீரென்று காது போனவர்களில், இந்த எண் உயர்ந்திருப்பவர்களுக்குக் கேட்கும் திறன் திரும்புவது குறைவு என்று பல ஆராய்ச்சிகள் சொல்கின்றன. இரத்தத்தை உறைய வைக்கும் பைப்ரினோஜென் என்னும் புரதத்தைப் பற்றியும் இப்படிச் சொல்கிறார்கள்.

ஆனால், அது பலரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. தனி ஒருவரின் காதுக்கு எழுதிய தலையெழுத்து அல்ல. காலில் புண் பழுத்திருந்தாலும் அந்த எண் ஏறும், காய்ச்சலாலும் ஏறும். இன்னொன்று கேளுங்கள். இந்த நோய்க்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையே நியூட்ரோபிலை ஏற்றிவிடும். மாத்திரை தொடங்கிய பிறகு இரத்தம் எடுத்துப் பார்த்துப் பயந்தால் அதில் அர்த்தம் உண்டா? அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டியே, இந்த நோய்க்கு வழக்கமாக எல்லாருக்கும் இரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டாம் என்கிறது. பிறகு எதற்காக நம் ஏழைகளின் பையில் கைவிட வேண்டும் என்பதுதான் நம் கேள்வி.

எடுக்க வேண்டியது கேட்கும் திறன் பரிசோதனை. அடுத்தடுத்த மூன்று சுருதிகளில் 30 டெசிபலோ அதற்கு மேலோ மூன்று நாளுக்குள் குறைந்திருந்தால், அது உட்காதின் அவசரம். வீட்டிலேயே ஒரு சிறு சோதனை பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகுங்கள். அடைத்த காதில் சத்தம் பெரிதாகக் கேட்டால் அழுக்கோ சளியோ இருக்கலாம். நல்ல காதில் பெரிதாகக் கேட்டால் அன்றைக்கே கிளம்புங்கள். சந்தேகமாக இருந்தாலும் கிளம்புங்கள்.

ஏனென்றால் இங்கே நாள்தான் கணக்கு. ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். அது போதவில்லை என்றால் செவிப்பறை வழியாக ஊசி போடுவதும் உண்டு. அதற்கும் ஆறு வாரம் வரைதான். நூற்றுக்கு நூறு பலிக்கும் மருந்து இது என்று நாம் சொல்ல மாட்டோம். மூன்றில் ஒரு பங்கு முதல் இரண்டு பங்கு பேருக்குத் தானாகவே ஓரளவு திரும்புகிறது என்பதும் உண்மை. 'தன்னால சரியாப் போயிரும்' என்ற பேச்சு நம் லயங்களில் சாகாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். மிச்சப் பேரின் கதி? சுத்தமாகக் கேட்காமல் போனவர், கூடவே தலைசுற்றல் வந்தவர், வயதானவர், தாமதித்தவர் ஆகியோருக்குத் திரும்புவது கடினம். இவற்றில் நம் கையில் இருப்பது கடைசி ஒன்றுதான்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். அதற்காகத்தான் சர்க்கரைக்கு இரத்தம் பார்ப்பார்கள், அதை மறுக்காதீர்கள். நரம்பில் கட்டி ஏதும் உண்டா என்று எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொன்னாலும் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

"போனால் ஒரு நாள் சம்பளம் போயிருமே" என்பீர்கள். போகாது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் எம்.சி. கொடுத்தால், இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டில் 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. "காதுதானே, கை நல்லாத்தானே இருக்கு" என்று கேட்கும் மேலாளர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பின்னால் லாரி வருவது கேட்காதவன் தோட்டச் சாலையில் எப்படி நடப்பான்?

அண்ணனை அரசாங்க மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பி வைத்தோம். நான்காவது வாரத்தில் ஊசி போட்டார்கள். கொஞ்சம் திரும்பியிருக்கிறது. போனை இன்னும் இடக் காதில்தான் வைத்துப் பேசுகிறார். அண்ணி அந்த இரத்தச் சீட்டை அடையாளக் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக மடித்து வைத்திருந்தார். அதைப் பெட்டியில் போட்டுவிட்டு, அடுத்த தவணைக்குக் காது சோதனைத் தாளை மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறோம்.