தனி இழை தாங்குமா?



பொதுக்கூட்டம் என்றதும் மேடை நினைவுக்கு வரும். ஒலிபெருக்கி நினைவுக்கு வரும். கொடியும் தோரணமும் நினைவுக்கு வரும். கூட்டத்திற்கு வந்தோர் எதன்மேல் அமர்ந்திருந்தனர் என்பது மட்டும் எவர் நினைவுக்கும் வருவதில்லை. கிளைக் கழகம் கூடிய திண்ணையிலும், படிப்பகத்தின் தரையிலும், சீர்திருத்தத் திருமணப் பந்தலிலும் விரித்தது ஜமக்காளம். மேல் என்றும் கீழ் என்றும் மக்களைப் பிரித்து உட்கார வைத்த சமுதாயத்திலே, உழவனையும் ஆசிரியரையும், வண்டியோட்டியையும் வழக்கறிஞரையும் ஒரே விரிப்பில் தோளோடு தோளாக உட்கார வைத்த பெருமை அதற்கு உண்டு. நாற்காலிக்கு முன்வரிசை உண்டு, பின்வரிசை உண்டு. ஜமக்காளத்திற்கு அந்த வழக்கம் கிடையாது.

அதை நெய்கிறவனைப்பற்றி இன்று பேசவேண்டியிருக்கிறது.

காவிரியும் பவானியாறும் கலக்கின்ற கூடுதுறையிலே அமைந்த ஊர் பவானி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீமைத் துணி வந்து குவிந்து, நம் நெசவாளியின் துணியைச் சந்தையைவிட்டே விரட்டிற்று. பவானியிலே வாழ்ந்த ஜங்கமர் எனும் நெசவாளர் சமூகத்தார் அப்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை. சாயமேற்றிய பருமனான நூலைக்கொண்டு, பட்டை பட்டையாக வண்ணம் தோன்றும் கனத்த விரிப்பை நெய்யத் தலைப்பட்டனர். ஏகாதிபத்தியத்தின் ஆலைக்கு எதிராகக் குழித்தறி தந்த விடை அது. பவானி என்றால் ஜமக்காளம், ஜமக்காளம் என்றால் பவானி என்று நாடே சொல்லும் நிலை பின்னர் வந்தது.

அந்த விரிப்பின் நெசவிலே ஒரு நுட்பம் உண்டு. தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு. குறுக்கே பாய்வது ஊடை. வேட்டி நெய்கையில் ஊடை பெரும்பாலும் ஒற்றை இழையாகப் பாயும். ஜமக்காளத்தில் அப்படியன்று. பருமனான இழைகள் பலவற்றைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து, ஒரே இழைபோலத் தாரில் சுற்றி, ஒரே ஓட்டத்தில் நாடாவிலே செலுத்துகிறார்கள். முறுக்கிச் சேர்த்தால் இழை உருண்டு திரளும். முறுக்காமல் சேர்த்தால் பரந்து படிந்து பாவை மூடும். அதனாலேதான் விரிப்பு கனக்கிறது. ஆண்டுக்கணக்கில் மிதிபட்டும் கிழியாமல் கிடக்கிறது.

ஒற்றை இழை போதாதா என்று கேட்கலாம். நூலுக்கு நம்பர் உண்டு. 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் ஒரு பவுண்டு எடையில் எத்தனை அடங்குமோ, அதுவே அந்த நூலின் நம்பர். நம்பர் குறையக் குறைய நூல் பருக்கும். ஆனால் பருத்த நூலெல்லாம் சீரான நூல் ஆகிவிடாது. ஓரிடத்தில் தடித்திருக்கும், ஓரிடத்தில் மெலிந்திருக்கும். தனியே ஓடும் இழை, மெலிந்த இடத்திலே அறும். பல இழைகள் சேர்ந்து ஓடினால், அத்தனையும் ஒரே இடத்தில் மெலிந்திருப்பது அரிது. ஓர் இழையின் மெலிவுக்கு அடுத்த இழையின் வலிவு துணை நிற்கும்.

சேர்த்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. எல்லா இழைகளும் ஒரே இழுப்பில் நிற்கவேண்டும். தளர்ந்த இழை சுருண்டு வெளியே துருத்தும். அளவுக்கு மீறி இறுகிய இழையோ, பாரம் முழுவதையும் தானே தாங்கி, முதலில் அறும். தார் சுற்றுகிற கைக்கு இது தெரியும். பெரும்பாலான வீடுகளில் அது பெண்ணின் கை. கூலிக் கணக்கிலே அவள் பெயருக்கென்று ஒரு வரி இருப்பதில்லை. நெசவாளர் குடும்பத்திலே அளவுக்கு மீறி இறுகிய இழை எது என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

நெசவுக்குப் பொருந்தும் இந்த நியாயம், நெசவாளிக்காக ஆக்கப்பட்ட பாதுகாப்புக்கும் பொருந்தும்.

1952-ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். துணி தேங்கிற்று, தறி நின்றது, நெசவாளர் சேரிகளிலே பசி குடியேறிற்று. 1953-ஆம் ஆண்டிலே அறிஞர் அண்ணா அவர்கள் திருச்சியிலே கைத்தறித் துணியைத் தாமே சுமந்து விற்றார். கழகத்தார் ஊர் ஊராகச் சென்று விற்றனர். அன்று முதலமைச்சராக இருந்த ஆச்சாரியாரும், கழகத்தோடு ஒன்றும் ஒவ்வாதவர் என்றபோதிலும், வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே உரியவை ஆகவேண்டும் என்று டில்லியைக் கேட்டார். ஆளுவோரும் எதிர்ப்போரும் ஒரே குரலில் கேட்கும் அளவுக்குத் துயரம் முற்றியிருந்தது.

அந்தக் காலத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்ந்தன பாதுகாப்பு இழைகள். ஆலைகள் நெய்யும் வேட்டிக்கு அளவு வைத்தார்கள். 1953-இல், ஆலைத் துணி கெஜம் ஒன்றுக்குக் காலணா வீதம் தீர்வை விதித்து, அந்தப் பணத்தைக் கைத்தறிக்கும் கதருக்கும் செலவிடச் சட்டம் செய்தார்கள். அகில இந்தியக் கைத்தறி வாரியம் 1952-இலேயே தோன்றியிருந்தது. 1935-இலே தோன்றிய கோ-ஆப்டெக்ஸ், கூட்டுறவுச் சங்கங்களின் துணிக்கு அங்காடியாக நின்றது. நூற்பாலைகள் தம் நூலில் ஒரு பங்கைக் கைத்தறிக்கு ஏற்ற சிட்டா நூலாகவே தரவேண்டும் என்று விதி வந்தது. 1985-இல் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அதன்கீழ் 22 வகைத் துணிகள் கைத்தறிக்கே என்று ஒதுக்கப்பட்டன.

இவற்றில் எதுவும் தனித்து நின்று நெசவாளியைக் காத்திருக்க முடியாது. துணி வகையை ஒதுக்கிவிட்டு நூலைக் கொடாவிட்டால் எதைக்கொண்டு நெய்வான்? நூலைக் கொடுத்துவிட்டு விற்க வழி செய்யாவிட்டால், நெய்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவான்? சங்கம் இருந்து சட்டம் இல்லையென்றால், விசைத்தறித் துணி கைத்தறிப் பெயரிலேயே வந்து சங்கத்தின் சரக்கைக் கீழே தள்ளிவிடும். ஒன்றின் மெலிவை மற்றொன்று தாங்கும்வரையில்தான் காப்பு.

பின்னர் நடந்தது என்ன?

ஒதுக்கீட்டுச் சட்டத்தை எதிர்த்து வழக்காடினார்கள். சட்டம் செல்லும் என்று 1993-இல் உச்சநீதிமன்றமே தீர்ப்பளித்தது. வழக்கில் நிலைத்த சட்டத்தை அலுவலகத்திலே இளைக்க வைத்தார்கள். 1996-இல், 22 வகைகள் 11 ஆயின. சிட்டா நூலின் பங்கு 100-க்கு 50 என்றிருந்தது, 2003-இல் 40 ஆயிற்று; 2019-இல் 30 ஆயிற்று. 2017-இல் வந்த சரக்கு மற்றும் சேவை வரி, பருத்தி நூலின்மீதும் 100-க்கு 5 வீதம் ஏறிற்று. 2015 முதல் ஆகஸ்ட் 7-ஆம் நாளைத் தேசியக் கைத்தறி நாள் என்று கொண்டாடுகிறார்கள். 2020-இல் அந்த நாளுக்கு இரண்டு வாரமும் இல்லாத நேரத்தில் கைத்தறி வாரியத்தைக் கலைத்தார்கள். விழாவுக்குப் பஞ்சமில்லை; வாரியத்துக்குத்தான் இடமில்லாமற் போயிற்று!

ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னார்கள். பட்டியல் நீளம் என்றார்கள். சிட்டா நூலுக்குத் தேவை குறைந்துவிட்டது என்றார்கள். வாரியம் ஆலோசனை சொல்லும் அமைப்புத்தானே என்றார்கள். தனித்தனியே பார்த்தால் எதுவும் பெரிதாகத் தோன்றாது. ஓர் இழையை உருவினால் விரிப்பு கிழிந்துவிடுமா என்று கேட்பது போன்ற வாதம் அது. கிழியாது, ஆனால் அடுத்த இழையின்மேல் பாரம் ஏறும். ஏறிய பாரத்தால் அதுவும் இளைத்தபின், பயனற்ற இழைதானே என்று அதையும் உருவுவார்கள். சிட்டா நூலுக்குத் தேவை ஏன் குறைந்தது? தறிகள் நின்றன, குறைந்தது. தறிகள் ஏன் நின்றன? காப்பு இளைத்தது, நின்றன. விளைவையே காரணமாகக் காட்டி மேலும் அறுப்பதற்குப் பெயர் சீர்திருத்தமா?

கணக்கை அவர்களுடைய ஏட்டிலிருந்தே எடுப்போம். 1987–88-ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் கைத்தறித் தொழிலில் இருந்தவர் 67 இலட்சத்துக்கு மேல். 2009–10-இல் 43 இலட்சம். 2019–20-இல் 35 இலட்சம். 32 ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் தறியைவிட்டு எழுந்து போய்விட்டனர். எஞ்சியிருப்போரில் 100-க்கு 72 பேர் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. இந்த வருமானத்தைக் கண்ட மகன், தந்தையின் தறிக்குழியில் இறங்குவானா?

பவானிக்குத் திரும்புவோம். 2005-ஆம் ஆண்டிலே பவானி ஜமக்காளத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்தது. ஒதுக்கீட்டுப் பட்டியலில் எஞ்சிய 11 வகைகளிலே ஜமக்காளமும் ஒன்று. ஆயினும் சோலாப்பூர் போன்ற இடங்களிலிருந்து விசைத்தறி விரிப்புகள் குறைந்த விலையில் வந்து, பவானிப் பெயரிலேயே விலைபோகின்றன என்று பவானி நெசவாளர் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வருகின்றனர். பெயர் இருக்கிறது, கண்காணிப்பு இல்லை. சான்றிதழ் இருக்கிறது, கூலி இல்லை. தனி இழை தாங்காது என்பதற்கு இதைவிட வேறு சான்று எதற்கு?

“காலம் மாறிவிட்டது, இயந்திரம் வந்தபின் கைத்தறி எதற்கு?” என்று கேட்பார் உண்டு. பகுத்தறிவு பேசும் இயக்கம் இயந்திரத்தை வெறுக்காது. சுமையைக் குறைக்கும் இயந்திரத்தை வரவேற்போம். நாம் கேட்பது வேறு: இயந்திரம் தரும் இலாபம் யாருக்கு, அது பறிக்கும் வேலைக்கு ஈடு என்ன? ஈடாக ஒரு தொழிலைக் காட்டிவிட்டுத் தறியை நிறுத்தச் சொன்னால், அது திட்டம். எதையும் காட்டாமல் பாதுகாப்பை மட்டும் உருவிக்கொண்டு, “போட்டியில் நின்று பார்” என்றால், அது கைவிடுதல்.

ஒன்றை மறவாதீர்கள். சோலாப்பூரின் விசைத்தறித் தொழிலாளி நமக்குப் பகைவனல்லன். தெலுங்கு நாட்டிலிருந்து பிழைப்புத் தேடிப் போன நெசவாளர் குடும்பங்களின் வழிவந்தோர் அவர்களில் ஏராளம். பவானியின் வயிற்றையும் சோலாப்பூரின் வயிற்றையும் மோதவிட்டு, நடுவிலே இலாபம் காண்பவன் சட்டத்தை மீறிச் சரக்கு ஏற்றும் வணிகன். அவனைக் கண்டும் காணாமல் இருக்கிறது அதிகாரம். கோபத்துக்குரிய இடம் அதுவே.

ஆகவே நம் கோரிக்கையும் பல இழை சேர்ந்ததாகவே இருக்கவேண்டும். ஒதுக்கீட்டுச் சட்டத்தை மீறுவோர்மீது கடுமையான நடவடிக்கை வேண்டும். கலைத்த வாரியத்தை மீண்டும் அமைத்து, அதிலே நெசவாளிக்கு இடம் தரவேண்டும். சிட்டா நூலின் பங்கை மீட்கவேண்டும். அந்த நூலுக்கு வரி விலக்கு வேண்டும். நெய்பவருக்கும் தார் சுற்றுபவருக்கும் தனித்தனியே கூலி எழுதவேண்டும். கூட்டுறவுச் சங்கம் தறியிலே அமர்வோரின் சங்கமாக இருக்கவேண்டும். தறியையே அறியாதோர் பெயர்களால் உறுப்பினர் பட்டியல் நிரம்புவதைத் தடுக்கவேண்டும். இவற்றில் ஒன்றைத் தந்து மற்றவற்றை மறக்கச் சொன்னால், ஏமாறக்கூடாது.

கோரிக்கை அரசுக்கு, கடமை நமக்கு. வட்டக் கழகம் நடத்தும் கூட்டத்துக்குப் பந்தற்காரர் கொண்டுவந்து விரிப்பது எங்கே நெய்தது என்று கேளுங்கள். படிப்பகத்துக்கு விரிப்பு வாங்கும்போது புவிசார் குறியீடும் கைத்தறி முத்திரையும் பார்த்து, கூட்டுறவுச் சங்கத்திலே வாங்குங்கள். நெசவாளர் ஊர்களில் உள்ள தோழர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கைத்தறி நாளில் மாலை அணிவிப்பதோடு நில்லாமல், மாதந்தோறும் சங்கத்தின் கூலிக் கணக்கைக் கேட்டு எழுதி, தலைமைக்கு அனுப்புங்கள். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பேசுவோர்க்கு அந்தக் கணக்கே கருவி.

அன்று கழகத்தார் துணியைத் தோளில் சுமந்தபோது, அத்தனை துணியையும் தாங்களே விற்றுத் தீர்த்துவிடலாம் என்று நம்பிச் சுமக்கவில்லை. நெசவாளியின் பக்கம் யார் நிற்கிறார்கள் என்பதை நாடு அறியவேண்டும் என்று சுமந்தார்கள். நாடு அறிந்தது, டில்லியும் அசைந்தது. இன்று தோள் வேறாக இருக்கலாம். சுமை அதே சுமைதான். ஒருவர் சுமந்தால் நசுங்குவார். ஒரே இழுப்பில், ஒன்றாய் நின்று சுமப்போம்.