கூப்பிடுங்கள், வருகிறேன்

ஜூரி முறை ஒழிந்துவிட்டதாம். 1959இல் பம்பாயில், மனைவியின் காதலனைச் சுட்ட கடற்படை அதிகாரி நானாவதியை ஒன்பது ஜூரிகளில் எட்டுப் பேர் குற்றமற்றவர் என்றார்கள். 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கே இடமில்லாமல் போனது. இருந்த காலத்தில் பட்டியல் போட்டவர்கள் கலெக்டரும் செஷன்ஸ் நீதிபதியும். அவர்கள் கண்ணுக்குத் 'தகுதி' தெரிந்தவனுக்குத்தான் சம்மன். சேரிக்கு எவன் கொண்டுவந்தான்?

கொங்குச் சீமையில் ஜூரி எங்கே ஒழிந்தது? ஆதிக்க சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததற்காக, 2015இல் திருச்செங்கோட்டுக் கோயிலிலிருந்து கோகுல்ராஜைக் கடத்தியவர்கள் தாங்களே கூடி, தாங்களே தீர்ப்பெழுதி, தண்டவாளத்தில் வீசினார்கள். சாட்சிகள் பிறழ்ந்தார்கள். வழக்கு மதுரைக்கு மாறி, 2022இல்தான் பத்துப் பேருக்கு ஆயுள்.

எனக்குச் சம்மன் வரட்டும், பேங்குக்கு லீவு போட்டுட்டு வாரேனுங்க. டீக்கடையில் எனக்குத் தனி டம்ளர் வைத்தவன் பக்கத்து நாற்காலியில் உட்காருவானா, அதைச் சொல்லுங்க முதல்ல.