இருபதோடு போகட்டும்!

‘முயற்சியைக் கைவிடாதே!’ என்று சொல்லாத பேச்சாளர் நம் ஊரில் உண்டா? பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆரம்பித்து தினசரி காலண்டர் தாள் வரைக்கும் இதே உபதேசம்தான். மன்னிக்கணும். ரம்மி ஆடத் தெரிந்த எவரும் இதை முழுசாக நம்ப மாட்டார்.

பதிமூன்று சீட்டு. பிரித்துப் பார்க்கிறீர்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. ஜோக்கரும் இல்லை. முதல் சீட்டை எடுக்கும் முன்பே கவிழ்த்து வைத்துவிட்டால் 20 பாயின்ட். ‘ஸ்கூட்’ என்பார்கள். ஆடிப் பார்த்துவிட்டு நடுவில் விட்டால் 40. ‘வரும், வரும்’ என்று கடைசி வரை உட்கார்ந்து மாட்டிக்கொண்டால் 80 வரை போகும். தோல்வி என்னவோ ஒன்றுதான். எப்போது ஒப்புக்கொள்கிறீர்கள் என்பதில்தான் விலை ஏறுகிறது.

செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் 1967-ல் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. என்ன திறமை? விழுந்த சீட்டுகளை ஞாபகம் வைப்பது. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று தெரிவது. பாருங்கள், கழிப்பதும் திறமை என்று நீதிபதிகளே சொல்லிவிட்டார்கள்! நம் வீடுகளில்தான் அதற்குப் பெயர் கோழைத்தனம்.

என் சித்தப்பா ஒருவர் கல்யாண மண்டபத்து மாடியில் விடிய விடிய ஆடுவார். சீட்டு சரியில்லையென்றால் தயங்காமல் கவிழ்ப்பார். ‘இருபதோடு போகட்டும்டா!’ அதே மனிதர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். கம்ப்யூட்டர் வந்தது. பசங்கள் வருவது நின்றது. அதற்கப்புறமும் ஆறு வருஷம் வாடகை கட்டினார். ‘இவ்வளவு போட்டாச்சே, எப்படிடா விடறது?’ பி.காமில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்: போட்ட பணம் போனதுதான், இனிமேல் போடப்போகிற பணத்துக்குக் கணக்குப் பார். அதைச் சித்தப்பாவிடம் யார் சொல்வது? கடைசியில் சித்தியின் வளையலும் போனது. சீட்டில் இருபதுக்கு விட்டவர், வாழ்க்கையில் எண்பதைக் கட்டினார்.

‘அப்படியானால் எல்லாவற்றையும் பாதியில் விட்டுவிடச் சொல்கிறாயா?’ என்று கோபப்படாதீர்கள். 101 பாயின்ட் ஆட்டத்தில் தொடர்ந்து ஐந்து ஸ்கூட் விட்டால் நூறு. ஆறாவதில் ஆளே அவுட். சுமாரான கையை ஆடித்தான் ஆகணும். மோசமான கையை விட்டுத்தான் ஆகணும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதுதான் விஷயம்.

பணம் கட்டி ஆன்லைனில் ரம்மி ஆடியவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கையிலும் ஸ்கூட் விடத் தெரிந்த கெட்டிக்காரர்கள் எத்தனையோ பேருக்கு, ஆட்டத்தை விட்டே எழுந்திருக்கத் தெரியவில்லை. விட்டதைப் பிடிக்கிறேன் என்று வீட்டை விட்டார்கள். கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டு அவர்களை எழுப்ப வேண்டியதாயிற்று.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். இன்ஜினீயரிங் முதல் வருஷம் முடித்த பையன், ‘எனக்கு இது வரலைப்பா’ என்று கலங்கி நிற்கிறான். ‘கட்டின ஃபீஸ் வீணாப் போயிடுமேடா!’ என்கிறீர்கள். சார், அது வெறும் இருபது. அவனை இன்னும் மூன்று வருஷம் உட்கார வைத்து எண்பதாக்கப் போகிறீர்களா?