இரட்டையாகத் தெரிந்தால் போதுமா?

எழுத்து இரண்டாகத் தெரிந்தாலே ‘டபுள்டு டை’ நாணயம்தான் என்று அடித்துப் பேசுகிறார் நண்பர். அப்படியானால் என் சில்லறை டப்பாவில் பாதியை ஏலம் விடலாம்!

லென்ஸை எடுங்கள். அடிக்கும்போது அச்சு ஆடியிருந்தால் எழுத்தின் ஓரம் நசுங்கி, படிக்கட்டுபோலத் தட்டையாகத் தாழ்ந்திருக்கும், எழுத்து மெலியும். அச்சிலேயே உருவம் இருமுறை விலகிப் பதிந்திருந்தால் அதுதான் ‘டபுள்டு டை’; இரண்டாவது எழுத்தும் உருண்டு புடைத்திருக்கும், முனைகள் பிளந்திருக்கும், எழுத்து தடிக்கும். அமெரிக்காவின் 1955 லிங்கன் சென்ட்டின் ‘டபுள்டு டை’ வகையில் ஆண்டு, ‘லிபர்ட்டி’, தலைக்கு மேலுள்ள வாசகம் எல்லாமே அப்படித்தான், வெறுங்கண்ணுக்கே தெரியும். பின்பக்கம் சுத்தம்.

அதே ஆண்டில் கடைசி 5 மட்டும் இரட்டித்த சென்ட்டும் உண்டு. தேய்ந்த அச்சின் வேலை. ‘ஏழையின் டபுள்டு டை’ என்பார்கள். நண்பர் படம் பிடித்துக் காட்டியது அதைத்தான்.