அரைப்புள்ளியும் மெய்ப்புள்ளியும்

மெய்யெழுத்தின் இயல்பு புள்ளி பெற்று நிற்றல் என்று தொல்காப்பியர் வகுத்தார். அந்தப் புள்ளி இன்று நம் நாட்டுக் கணினிக் கோப்புகள் பலவற்றில் புள்ளியாக இல்லை. ஆங்கிலத்தின் அரைப்புள்ளியாக ஒளிந்திருக்கிறது. இது விளையாட்டுப் பேச்சன்று. வினாத்தாள்களையும் விழா மலர்களையும் பாமினி எழுத்துருவில் ஆக்கிச் சேமித்து வைத்திருக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் கருதவேண்டிய காரியம்.

கணினி எழுத்துகளை அறியாது, எண்களையே அறியும். 1963ஆம் ஆண்டு அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி முறையில் காற்புள்ளிக்கு 44, அரைப்புள்ளிக்கு 59 என எண்கள் அமைந்தன. தமிழுக்கு அதில் இடமில்லை. ஆகவே பாமினி போன்ற எழுத்துருக்களை ஆக்கியோர் ஆங்கிலத்துக்குரிய எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, திரையில் தோன்றும் வடிவங்களை மாத்திரம் தமிழாக்கினர். தமிழ்த் தட்டச்சுப் பொறியில் வலக்கைச் சுண்டுவிரல் தங்கும் விசையிலே புள்ளி இருந்தது. ஆங்கில விசைப்பலகையில் அவ்விடம் அரைப்புள்ளிக்கு உரியது. விரற்பழக்கம் கெடாதிருக்கப் புள்ளி அங்கேயே அமர்ந்தது. காற்புள்ளியின் இடத்தை 'இ' பற்றிக்கொண்டது. இடமிழந்த காற்புள்ளியோ, ஒன்றினும் மற்றொன்று பெரிதென்று கணிதத்தில் காட்டும் குறியின் இடத்திற் குடிபுகுந்தது.

இவ்வேற்பாட்டை நான் இகழவில்லை. வேறு வழி காணாத காலத்தில் தமிழை அச்சேற்ற உதவியது இதுவே. மருதானையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தட்டச்சுக் கடைகளில் அமர்ந்து திருமண அழைப்பு முதல் ஆய்வேடு வரை ஆக்கித் தந்தோரின் விரல்களுக்கு அது நன்கு பழகியிருந்தது. தாளிலே அச்சானதற்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் கோப்பாகச் சேமித்ததற்கே உரியது.

'அம்மா' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பாமினிக் கோப்பில் அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே பதிவாகியிருக்கிறது. அரைப்புள்ளி வாக்கியத்தைப் பிரிக்கும் குறி என்று அறிந்த இயந்திரம், அவ்விடத்தில் சொல்லையே இரண்டாகத் துண்டிக்கிறது. அக்கோப்பில் 'அம்மா' எங்கே என்று தமிழிலே தேடினால், இல்லை என்றே விடை வரும். எழுத்துரு இல்லாத கணினியில் பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கிலக் கோவையாகும். ஆங்கிலமும் தமிழும் கலந்த ஒரு கடிதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கருவியில் இட்டால், ஆங்கிலப் பகுதியின் காற்புள்ளியெல்லாம் 'இ' ஆகும். அரைப்புள்ளியெல்லாம் தலையில்லாப் புள்ளியாகும்.

ஏட்டுச் சுவடிகளில் புள்ளியிடாது எழுதும் வழக்கம் இருந்ததை நாம் அறிவோம். ஓலை கிழியும் என்ற அச்சமே அதற்குக் காரணம் என்பர். 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர், எது மெய், எது உயிர்மெய் என்று ஊகித்துத் தெளிந்து புள்ளியை மீட்க வேண்டியவராயினர். நாமோ இருக்கும் புள்ளியை வேறொரு குறியின் பெயரில் எழுதிவைத்து, வருங்காலத்தவருக்கு அதே தொல்லையை ஈட்டி வைக்கிறோம்.

பரிகாரம் அரிதன்று. 1991இல் வெளிவந்த யூனிக்கோட்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. அதில் புள்ளிக்கு 3021 என்ற தனி எண் உண்டு. காற்புள்ளியும் அரைப்புள்ளியும் தத்தம் பழைய எண்களிலேயே இருந்து தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பொதுவாகப் பணி செய்கின்றன. பாமினி விசைமுறையை விடாமலே யூனிக்கோட்டில் எழுதவும் இன்று வழியுண்டு. ஆதலால் விரற்பழக்கம் இனியும் ஒரு சாட்டாகாது.

எஞ்சியிருப்பது பழைய கோப்புகளின் கதி. அவற்றை மாற்றுவது கருவியின் வேலை. மாற்றியதை வரி வரியாகப் படிப்பது மனிதரின் வேலை. ஆசிரியர்களும் மாணவர்களும் தம் பாடசாலை மலர் ஒன்றையேனும் இவ்வாறு மாற்றி, முதலிற் புள்ளிகளையும் காற்புள்ளிகளையும் சரிபார்த்து வைப்பாராக. அந்த மலர்களில் எழுதியோர் பலரின் எழுத்து வேறெங்கும் அச்சாகவில்லை. தேடினால் அகப்படாத எழுத்து, நாளடைவில் எழுதப்படாத எழுத்தாகவே எண்ணப்படும்.