திறமைக்கேற்ற தாலந்து

தாலந்து உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். ஒருவனுக்கு ஐந்து, மற்றொருவனுக்கு இரண்டு, இன்னொருவனுக்கு ஒன்று. அவரவர் திறமையைக் கண்டறிந்தே தலைவர் கொடுத்ததாகப் புனித மத்தேயு எழுதியுள்ளார். ஐந்தைக் கொண்டு ஈட்டியவனும், இரண்டைக் கொண்டு ஈட்டியவனும் ஒரே பாராட்டைப் பெற்றனர் என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. இவ்வுண்மைக்கு விளையாட்டுக் களத்திலே நல்லதொரு விளக்கம் உண்டு.

பாராலிம்பிக் விழா 1960ஆம் ஆண்டு உரோமை நகரில் தொடங்கியபோது, தண்டுவடம் பாதிக்கப்பட்டோரே அதில் பங்கு பெற்றனர். கையையோ காலையோ இழந்தோர் 1976ஆம் ஆண்டு டொரான்டோ விழாவில்தான் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். ஆயினும், கையிழந்தோர் அனைவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது நீதியாகுமா?

ஓடுபவனுக்குக் கை எதற்கு எனச் சிலர் கேட்கலாம். கால் முன்னே செல்கையில் எதிர்க்கை வீசி உடலைச் சமன் செய்கின்றது. குறுந்தூர ஓட்டத்தில் புறப்படும் நேரத்தில் தரையில் ஊன்றித் தாங்குவதும் கையே. எனவே தேர்ச்சி பெற்றவர்கள் இழப்பின் அளவைச் சோதித்து வகுப்புகளைப் பிரிக்கின்றனர். ஓட்டத்திலும் தாண்டுதலிலும், இரு கைகளும் பாதிக்கப்பட்டோர் 'டி 45'; ஒரு கையை முழங்கைக்கு மேலே இழந்தோர் 'டி 46'; முழங்கைக்குக் கீழே இழந்தோர் 'டி 47'. எறிதல் போட்டிகளுக்கு 'எஃப்' என்னும் எழுத்து வழங்குகின்றது.

இராஜஸ்தான் மாநிலம் சூரு மாவட்டத்தைச் சேர்ந்த தேவேந்திர ஜஜாரியா, எட்டு வயதில் மரமேறியபோது மின்கம்பி தீண்டி இடக்கையை இழந்தார். 2004இல் ஏதென்ஸ் நகரில் 62.15 மீட்டர் தொலைவுக்கு ஈட்டி எறிந்து தங்கம் வென்றார். ஆனால் 2008, 2012 ஆகிய இரு விழாக்களிலும் அவருடைய 'எஃப் 46' வகுப்புக்கு ஈட்டியெறிதல் போட்டியே வைக்கப்படவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்து, 2016இல் ரியோ நகரில் 63.97 மீட்டர் எறிந்து மீண்டும் தங்கம் பெற்றார். வகுப்புகளை எவ்வளவு நேர்மையாகப் பிரித்தாலும், போட்டி வைக்காவிடில் அந்நீதி ஏட்டோடு நின்றுவிடும் என்பதற்கு அவரது காத்திருப்பே சான்று.

நம் பங்குகளில் திருவிழாவையொட்டி விளையாட்டுப் போட்டிகள் நடத்துகின்றோம். கையிழந்த சிறுவனை ஓரத்தில் அமர்த்திக் கைதட்டச் சொல்வதும், இரக்கப்பட்டு ஆறுதல் பரிசு ஒன்றைத் தருவதும் அவனுக்கு நீதியாகா. அவன் வெல்லவும் கூடிய, தோற்கவும் கூடிய உண்மையான போட்டி ஒன்று அவனுக்கு வேண்டும்.

பெற்றோரே, அத்தகைய பிள்ளையை ஊரார் கண்ணுக்கு அஞ்சி வீட்டினுள் மறைத்து வளர்த்தால், அவனுடைய தாலந்தை மண்ணில் புதைத்தவர் நாமாவோம். கணக்குக் கேட்கும் நாளில் தலைவர் அதைக் குறித்து அவனிடம் கேட்கமாட்டார், நம்மிடமே கேட்பார்.